புரோசெக்கோ ‘காசில்லாதவர்களின் ஷாம்பெய்ன்’தானா?

கேள்வி: மகளைப் பார்க்க இத்தாலி போகிறோம். எங்கள் கல்யாண நாளுக்குக் கேக்கும், புரோசெக்கோ என்கிற இத்தாலியக் குமிழி வைனும் ஏற்பாடு செய்வதாக மாப்பிள்ளை சொல்கிறார். ‘காசில்லாதவர்கள் குடிக்கும் ஷாம்பெய்ன் அது’ என்கிறார் என் நண்பர். நிஜமா? எனக்கு இனிப்பு பிடிக்காது. அதனால் ‘எக்ஸ்ட்ரா டிரை’ வாங்கச் சொல்லியிருக்கிறேன். எதோடு சாப்பிடலாம்?
- வாசகர், கோவை

பதில்: உங்கள் நண்பர் விலைச்சீட்டைப் படித்திருக்கிறார், வைனைக் குடிக்கவில்லை.

ஷாம்பெய்னில் குமிழியைத் தரும் இரண்டாம் நொதித்தல் ஒவ்வொரு பாட்டிலுக்குள்ளும் தனித்தனியாக நடக்கும். ஆண்டு குறிக்காத சாதாரண ஷாம்பெய்னே 15 மாதமாவது கிடந்த பிறகுதான் கடைக்கு வர முடியும். அதில் பெரும்பகுதி நாள் ஈஸ்ட்டோடு ஊறுவதால்தான் அதில் சுட்ட ரொட்டி வாசனை. புரோசெக்கோவுக்கு அந்த வாசனையே ஆகாது. அதில் குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டிய கிளேரா திராட்சை மென்மையான சாதி. பச்சை ஆப்பிள், பேரிக்காய், வெள்ளைப் பூ வாசனைதான் அதன் சொத்து. ஈஸ்ட்டோடு ஊறவிட்டால் எல்லாம் அமுங்கிவிடும். எனவே மூடிய எஃகுத் தொட்டியில் நொதிக்க வைத்து, அழுத்தம் குறையாமல் வடிகட்டி பாட்டிலில் அடைக்கிறார்கள். ஃபெடரிகோ மார்டினோட்டி என்ற இத்தாலியர் 1895-இல் காப்புரிமை வாங்கிய முறை அது. பின்னால் மெருகேற்றிய பிரெஞ்சுக்காரர் ஷார்மாவின் பெயரையே உலகம் அதிகம் சொல்கிறது. செலவு குறைவதும் உண்மைதான். ஆனால் வாசனையைக் காப்பாற்றப் போன வழியைக் கஞ்சத்தனம் என்றால் எப்படி?

வெனிஸுக்கு வடக்கே கொனெல்யானோ, வால்டோப்பியாதெனே ஊர்களுக்கு நடுவில் புரோசெக்கோ திராட்சை விளையும் குன்றுகளைக் காட்டச் சொல்லி மாப்பிள்ளையிடம் கேளுங்கள். சரிவு அவ்வளவு செங்குத்து. பல இடங்களில் எந்திரம் ஏறாது, கையால்தான் பறிக்கிறார்கள். 2019-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இடம் அது. அங்கே கார்டிட்ஸே என்ற மூலை மொத்தமே 107 ஹெக்டேர். அந்த பாட்டிலின் விலையைக் கேட்டால் காசுள்ளவரும் யோசிப்பார். சமவெளியில் விளைந்து சூப்பர் மார்க்கெட்டுக்கு வரும் மலிவுச் சரக்கும் புரோசெக்கோதான். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடை போடுவதுதான் தப்பு.

இப்போது உங்கள் ‘எக்ஸ்ட்ரா டிரை’. மாப்பிள்ளைக்கு உடனே போன் போடுங்கள்! லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருப்பதற்குத்தான் அந்தப் பெயர். வெறும் ‘டிரை’ என்றால் இன்னும் மோசம், 17 முதல் 32 கிராம். உங்களுக்கு வேண்டியது ‘ப்ரூட்’. அதில் 12 கிராமைத் தாண்டாது. ‘எக்ஸ்ட்ரா ப்ரூட்’ என்றால் 6 கிராமுக்குள் நிற்கும். பெயர் வைத்தவர்களைத் திட்டிப் பயனில்லை, லேபிளைப் பார்த்து வாங்குவதே வழி.

கேக்கோடு ப்ரூட் குடித்தால் கிரீமின் தித்திப்புக்கு முன்னால் வைன் வெறும் புளிப்பாகிவிடும். வீட்டார் கேக் வெட்டட்டும். அவர்களுக்கு ஆஸ்டி பக்கத்து இனிப்பு வைனான மொஸ்காட்டோ ஒன்று வாங்கி வைத்தால் போதும். புரோசெக்கோவைச் சாப்பாட்டுக்கு முன்னால், உப்பும் எண்ணெயும் உள்ள பண்டத்தோடு திறவுங்கள். வெனிஸ்காரர்கள் கருவாட்டை இதோடு என்ன அழகாகச் சேர்க்கிறார்கள்! காட் மீன் கருவாட்டை நாள்கணக்கில் ஊறவைத்து, வேகவைத்து, எண்ணெய் விட்டு வெண்ணெய் போலாகும்வரை அடித்து, சுட்ட பொலெந்தாத் (மக்காச்சோளக் களி) துண்டின் மேல் தடவித் தருவார்கள். ஒரு வாய் அதைத் தின்று ஒரு மடக்கு ப்ரூட் குடித்தால், நாக்கில் படிந்த எண்ணெயைக் குமிழி துடைத்துவிடும். அடுத்த வாய்க்கு நாக்கு தயார். பொரித்த மத்தி மீனை வெங்காயம், வினிகர், உலர்திராட்சையோடு ஊறவைக்கும் ‘சார்தே இன் சாவோர்’ கிடைத்தால் அதற்கு மட்டும் எக்ஸ்ட்ரா டிரை பொருந்தும். அந்த உணவிலேயே கொஞ்சம் தித்திப்பு உண்டு. சான் தானியேலே ஹாம் (உப்பிட்டு உலர்த்திய பன்றித் தொடை), பொரித்த கணவாய் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம். தக்காளிக் குழம்பில் வெந்த கறிக்கு வேண்டாம், வைன் காணாமல் போய்விடும்.

ஒல்லியான நீளக் கிளாஸில் ஊற்றினால் ஒதுக்கிவிடுங்கள். வாசனை மேலே வர இடமில்லாத கிளாஸில் இதைக் குடிப்பது வீண். சாதாரண வெள்ளை வைன் கிளாஸ் போதும், குளிர்ச்சி 6 முதல் 8 டிகிரி. ஊருக்கு ஒரு பாட்டில் கொண்டுவருவதானால் அலமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள். இது வயதாக ஆக ருசி கூடும் ரகமில்லை, வந்த சூட்டோடு திறந்துவிடுங்கள்.