தேயிலை விலை குறைந்ததற்கா கலகம்? அமெரிக்க விடுதலை: கேள்வி பதில்

அமெரிக்காவில் பிரிட்டனின் கீழ் இருந்த 13 குடியேற்றங்கள் (காலனிகள்) அதை விட்டு ஏன் பிரிந்தன என்று போன வாரம் நம் குழுவில் பேச்சு வந்தது. முப்பது வருஷம் கல்லூரியில் வரலாறு நடத்தியவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சார், பாஸ்டன்ல தேயிலையைக் கடல்ல கொட்டினதாலதான் போர் வந்துச்சுன்னு படிச்சோம். ஒரு டீக்கா இவ்வளவு சண்டை?

கொட்டியது 1773 டிசம்பர் 16. தகராறு அதற்குப் பத்து வருஷம் மூத்தது. 1763-ல் பிரான்ஸோடு நடந்த ஏழாண்டுப் போர் முடிந்தபோது பிரிட்டனுக்கு வெற்றி. கூடவே கடன் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பிடித்த நிலத்தைக் காக்க அமெரிக்காவில் பட்டாளம் வேறு நிறுத்த வேண்டும். "உங்களுக்காகத்தானே செலவு, நீங்களும் கொஞ்சம் கொடுங்கள்" என்றது லண்டன். அதே வருஷம், அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று அரசர் ஆணை போட்டார். அங்கே நிலம் வளைத்துப் போடக் காத்திருந்தவர்களில் ஜார்ஜ் வாஷிங்டனும் ஒருவர். வயிற்றெரிச்சல் அங்கிருந்தே தொடங்கிவிட்டது.

ஸ்டாம்ப் பேப்பர் நாமளும்தான் வாங்குறோம். அதுக்கு ஏன் கலவரம் பண்ணாங்க?

நல்ல கேள்வி. 1694 முதல் இங்கிலாந்துக்காரர்களே கட்டிவந்த வரிதான் அது. 1765-ல் அதைக் காலனிகளுக்கும் நீட்டினார்கள். பத்திரம், உரிமம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு, தாயக்கட்டை வரை முத்திரை வேண்டும். வக்கீல், அச்சகக்காரர், சாராயக்கடைக்காரர் என்று ஊரில் வாய் உள்ளவர்கள் அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் பகைத்துக்கொண்டார்கள்!

ஆனால் வலித்தது தொகை இல்லை. அதுவரை உள்ளூர் வரியை அந்தந்தக் காலனியின் சட்டசபைதான் போடும். லண்டன் நாடாளுமன்றத்தில் இவர்கள் ஆள் ஒருவர்கூடக் கிடையாது. "எங்கள் ஆள் இல்லாத சபை எங்கள் மடியில் எப்படிக் கைவைக்கும்?" என்று கேட்டார்கள். "இங்கிலாந்திலேயே மான்செஸ்டர் நகருக்கும்தான் உறுப்பினர் இல்லை, அவர்கள் கட்டவில்லையா?" என்று லண்டனில் பதில் வந்தது. கேட்டவர்களுக்கு இன்னும் எரிந்தது.

பாஸ்டனில் முத்திரை விற்க நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை மரத்தில் தொங்கவிட்டார்கள். மனிதர் உடனே வேலையே வேண்டாம் என்றுவிட்டார். மற்ற ஊர்களிலும் இதே கதைதான். நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தபோது முத்திரை விற்க ஆள் இல்லை. 1766-ல் வாபஸ்.

வாபஸ் வாங்கிய கையோடு இன்னொரு சட்டம் போட்டார்கள்: எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வெற்றி என்று சொக்கப்பனை கொளுத்திய ஜனங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் கணக்கில் தேயிலையை விட இந்தச் சட்டம்தான் விஷயம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் 'அந்த அதிகாரம் உண்டா இல்லையா' என்ற ஒரே வழக்கின் வாய்தாக்கள்.

1773 சட்டத்தால டீ விலை குறைஞ்சுதுன்னு கேள்விப்பட்டேன். குறைஞ்சா ஏன் கோபம்?

குறைந்தது உண்மை. 1767-ல் கண்ணாடி, காகிதம், ஈயம், பெயிண்ட், தேயிலை மேல் புது வரி வந்தது. வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கையே வாங்க மறுத்ததும் 1770-ல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, தேயிலைக்கு மட்டும் ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வைத்துக்கொண்டார்கள். உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை என்று காட்டுவதற்குத்தான்.

இங்கே நுழைகிறது நமக்குப் பழக்கமான கிழக்கிந்தியக் கம்பெனி. வங்காளத்தையே கைக்குள் வைத்திருந்தும் கடனில் மூழ்கிக் கிடந்தது. லண்டன் கிடங்குகளில் தேயிலை மலை மாதிரி தேங்கி நின்றது. அதைக் காப்பாற்ற, நேராக அமெரிக்காவுக்கு அனுப்பி விற்க அனுமதி கொடுத்தார்கள். கள்ளக்கடத்தலில் வந்த டச்சுத் தேயிலையை விட அது மலிவு. கடத்தல்காரர் பிழைப்பில் மண். எதிர்ப்பில் அந்தச் சுயநலமும் இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் சாதாரண ஆளுக்குப் புரிந்தது வேறு: மலிவு என்று குடித்தால் வரியை ஒப்புக்கொண்டதாகிவிடும். வங்காளப் பஞ்சத்தில் கம்பெனி நடந்துகொண்ட விதத்தைச் சொல்லி, "அடுத்தது நாம்தான்" என்று எச்சரித்த துண்டுப் பிரசுரங்களும் வந்தன.

அதனால்தான் பாஸ்டன்காரர்கள் அதைக் கடலில் கொட்டினார்கள். போனது 342 பெட்டி. நம்மூர்த் தேயிலை என்று நினைத்துவிடாதீர்கள், எல்லாம் சீனச் சரக்கு. அஸ்ஸாம், நீலகிரித் தோட்டங்கள் எல்லாம் பிற்பாடு வந்தவை.

அப்போ சுதந்திரம் வேணும்னு எப்பதான் கேட்டாங்க?

கடைசியில்தான்! தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக 1774-ல் லண்டன்காரர்கள் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் காலனியின் ஆட்சிச் சாசனத்தைத் திருத்தினார்கள். "இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு" என்று மற்ற காலனிகளுக்குப் பயம். பிலடெல்பியாவில் 12 காலனிகள் கூடின, ஜார்ஜியா வரவில்லை. கூடி என்ன செய்தார்கள்? அரசருக்கு மனு எழுதினார்கள். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு முதல் துப்பாக்கிச் சண்டை வெடித்த பிறகும், ஜூலையில் இன்னொரு மனு. ஆங்கிலேயனுக்குள்ள உரிமையை எங்களுக்கும் கொடுங்கள் என்பதுதான் அதுவரை கோரிக்கை. 'ராஜா நல்லவர், மந்திரிகள்தான் கெட்டவர்கள்' என்று நம்பினார்கள். நமக்கும் பழகிய வசனம்தானே!

ராஜா மனுவைக் கையிலேயே வாங்கவில்லை. கலகக்காரர்கள் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில், இங்கிலாந்திலிருந்து வந்து ஓராண்டு சொச்சமே ஆன தாமஸ் பெய்ன், 'பரம்பரை அரசாட்சியே அபத்தம்' என்று கடைத்தெருப் பேச்சில் ஒரு சிறு நூல் எழுதினார். எல்லாருக்கும் மனதில் இருந்து வாய்க்கு வராத சொல் அதில் அச்சாகியிருந்தது. ஜூலை 2-ல் பிரிவதென்று வாக்களித்து, 4-ம் தேதி சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றார்கள்.

பிரகடனத்துல குற்றச்சாட்டெல்லாம் அரசர் மேலயே இருக்கு. வரி போட்டது நாடாளுமன்றம்தானே?

அங்கேதான் வக்கீல் மூளை. நாடாளுமன்றத்துக்கு நம் மேல் அதிகாரமே கிடையாது என்று வாதாடியாயிற்று. இல்லாத உறவை எப்படி முறிப்பது? மிச்சமிருந்த ஒரே முடிச்சு அரசர். அதைத்தான் வெட்டினார்கள். 'நாடாளுமன்றம்' என்ற சொல்லே அதில் வராது.

அடிமைகளுக்கு என்ன கிடைச்சது ஐயா?

சங்கடமான இடம். பிரகடனத்தை வரைந்த ஜெபர்சன் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய பத்தியை, தெற்குக் காலனிகள் முறைத்ததும் நீக்கிவிட்டார்கள். ஜெபர்சனும் அடிமைகள் வைத்திருந்தவர்தான். கலகக்காரர்களிடமிருந்து ஓடிவந்து பிரிட்டிஷ் படையில் சேரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775-ல் அறிவித்தவர் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் கவர்னர் டன்மோர். கருணையால் அல்ல, ஆள் தேவையால். பூர்வகுடிகளைப் பிரகடனம் 'இரக்கமற்ற காட்டுமிராண்டிகள்' என்றே எழுதியது.

எல்லாரும் ஒரே கட்சியா?

இல்லை. விடுதலைப் பக்கத்துத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியம் அரசர் பக்கம் நின்றார். அப்பனும் மகனும் கடைசிவரை ஒட்டவே இல்லை.

நம்ம பக்கத்துக்கு ஏதாவது தொடர்பு உண்டா? (நான் கடலூர்)

உங்கள் ஊரிலேயே உண்டு. 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கா பக்கம் சேர்ந்ததும் போர் இங்கேயும் பரவியது. 1783 ஜூனில் ஆங்கிலப் படை கடலூரில் பிரெஞ்சுக்காரர்களை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் ஜனவரியிலேயே சண்டையை நிறுத்தக் கையெழுத்தாகிவிட்டது. சேதி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி. இடையில் செத்தவர்கள், முடிந்துபோன போரில் செத்தவர்கள்.

இன்னொன்று. 1781-ல் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த ஆங்கிலத் தளபதி காரன்வாலிஸ்தான் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இங்கே வந்தார். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து திண்டுக்கல்லையும் சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர் அவரே.