கார்ன்வால்ல கார் தொல்லை இல்லாம கிராவல் சைக்கிள்: எந்தப் பாதை, எந்தப் பக்கம் இருந்து ஆரம்பிக்கணும்?

கேள்வி: நாங்க இங்கிலாந்துல ரெடிங்ல இருக்கோம். மே கடைசில ஸ்கூல் லீவுக்கு மூணு நாள், நாட்டோட தென்மேற்கு மூலையில இருக்கிற கார்ன்வால் போறோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் 40 எம்எம் டயர் போட்ட கிராவல் பைக் (மண்ணு, சரளைப் பாதையிலயும் ஓட்டுற சைக்கிள்) இருக்கு, பையனுக்கு 11 வயசு, அவன்கிட்ட சாதா மவுண்டன் பைக். கார் வராத பாதையில கடலை பாத்துக்கிட்டே ஓட்டணும்னு ஆசை. கடலோரமா சவுத் வெஸ்ட் கோஸ்ட் பாத்னு ஒண்ணு போகுதே, அதுலயே போயிடலாமா?

பதில்: வேண்டாங்க, அதுல ஓட்டக்கூடாது. அந்த கோஸ்ட் பாத் 630 மைல், அதுல பெரும்பகுதி ஃபுட்பாத், அதாவது நடக்குறவங்களுக்கு மட்டும். இங்கிலாந்துல சைக்கிளுக்கு உரிமை இருக்கிறது பிரைடில்வேன்னு சொல்ற குதிரைப் பாதையில, அதுவும் 1968ல வந்த சட்டத்துக்கு அப்புறம்தான், அங்கயும் நடக்குறவங்களுக்கும் குதிரைக்கும் நாமதான் வழி விடணும். ஓஎஸ் எக்ஸ்ப்ளோரர்னு ஆர்ட்னன்ஸ் சர்வே போடுற மேப்ல பச்சையில குட்டி குட்டி கோடா இருந்தா ஃபுட்பாத், நீள நீள கோடா இருந்தா பிரைடில்வே, இத ஒரு தடவை கண்ணுக்குப் பழக்கிட்டீங்கன்னா ஆப் காட்டுற தப்பு வழியில மாட்ட மாட்டீங்க. சட்டத்தை விடுங்க, பல இடத்துல ஒரு பக்கம் செங்குத்தா பாறை, கீழ கடல், எதிர்ல நாயோட ஒருத்தர் வந்தா ஒதுங்க இடமே இருக்காது, பையனை கூட்டிட்டு அங்க போகவே போகாதீங்க.

அப்போ ரோட்டுல போலாமான்னா அதுவும் நான் சொல்ல மாட்டேன். கார்ன்வால் கிராமத்து ரோடு ஒரு கார் அகலம்தான், ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல கல்லும் மண்ணும் அடுக்கி செடி மூடின வேலி, வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னே தெரியாது, ஆனா பல ரோட்டுல சட்டப்படி 60 மைல் வேகம் வரைக்கும் போலாம். லீவு நாள்ல அந்த ரோட்டைப் பழக்கமில்லாத டிரைவர்தான் நிறைய வருவாங்க. அதனால நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணுதான், கடலோரமா போற பாதையை தேடாதீங்க, கடல்ல போய் முடியுற பழைய ரயில் பாதையை தேடுங்க. இந்த தீபகற்பத்துல தகரமும் செம்பும் வெட்டி எடுத்து துறைமுகத்துக்கு கொண்டு போக ஏகப்பட்ட தண்டவாளம் போட்டாங்க, அதெல்லாம் மூடிப்போய் இப்ப கிராவல் பாதையா கிடக்கு, சரிவு கம்மி, கார் கிடையாது.

முதல் நாளுக்கு, கேமல்ங்கற ஆத்தோரமா போற கேமல் டிரெய்ல். கடலோரத்துல பேட்ஸ்டோ, உள்ள தள்ளி வேட்பிரிட்ஜ், பாட்மின், அங்கிருந்து வென்ஃபர்ட்பிரிட்ஜ் வரைக்கும் மொத்தம் 18 மைல். வேட்பிரிட்ஜுக்கும் பாட்மினுக்கும் நடுவுல 1834லயே ரயில் ஓடிச்சு, முக்கியமா கடல் மணலை உள்ளூர் வயலுக்கு எருவா கொண்டு போக. பேட்ஸ்டோ வரைக்கும் நீட்டினது 1899ல, பாசஞ்சர் வண்டி நின்னது 1967ல. வேட்பிரிட்ஜ் ஊருக்குள்ள மட்டும் கொஞ்ச தூரம் தெருவுல போகணும், மத்தபடி பையனை முன்னாடி விட்டுட்டு நிம்மதியா பின்னாடி வரலாம்.

எல்லாரும் பேட்ஸ்டோவுல சைக்கிள் எடுத்து அங்கிருந்து கிளம்புவாங்க, நீங்க அப்படி செய்யாதீங்க. இந்தப் பக்கம் காத்து பெரும்பாலும் மேற்குல இருந்தும் தென்மேற்குல இருந்தும்தான் அடிக்கும், ஆத்து முகத்துவாரம் திறந்த வெளி, காலையில காத்தை முதுகுல வாங்கிட்டு ஜாலியா போயிட்டு சாயங்காலம் களைச்சுப்போன பிள்ளையோட எதிர்காத்துல திரும்பினா வேட்பிரிட்ஜ்ல இருந்து பேட்ஸ்டோ வர்ற அஞ்சரை மைல் 15 மைலா தெரியும். பாட்மின்லயோ வேட்பிரிட்ஜ்லயோ ஆரம்பிச்சு பேட்ஸ்டோ போய் சாப்பிட்டு திரும்புங்க. வேட்பிரிட்ஜ்ல இருந்துன்னா போக வர 11 மைல், பாட்மின்ல இருந்துன்னா 23 மைல் கிட்ட. பாட்மின் பக்கம் கொஞ்சம் ஏத்தம்தான், ஆனா ரயில் ஏறின ஏத்தம், பையன் சமாளிச்சுடுவான். காலையில 9 மணிக்குள்ள வேட்பிரிட்ஜை தாண்டிடுங்க, அதுக்கப்புறம் குட்டிப் பசங்க, டிரெய்லர், நாய்னு கூட்டமாயிடும். ஹேண்டில்ல மணி கண்டிப்பா இருக்கணும்.

பேட்ஸ்டோவுக்கு கொஞ்சம் முன்னாடி லிட்டில் பெத்தெரிக் ஓடை மேல மூணு வளைவு வச்ச பழைய இரும்புப் பாலம் வரும், அங்க கொஞ்ச நேரம் நில்லுங்க. கடல் தண்ணி ஏறி இறங்குற நேரத்தை காட்டுற டைட் டேபிள் பாத்துட்டு போனா நல்லது, ஏத்தம் இருக்கும்போது தண்ணி பாதை ஓரம் வரைக்கும் வந்து நிக்கும், வத்தம்போது அதே இடம் பூரா பொன் நிற மணல், கொக்கு மேஞ்சிட்டு இருக்கும். நீங்க கேட்ட கடல் காட்சி இதுதான்.

ரெண்டாவது நாள், எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான பாதை. வடக்கு கடற்கரையில போர்ட்ரீத், தெற்குல டெவரன், நடுவுல 11 மைல், கோஸ்ட் டு கோஸ்ட் டிரெய்ல்னு பேரு. ஒரே நாள்ல ரெண்டு பக்கத்து கடல் தண்ணியையும் பாத்துடலாம். போர்ட்ரீத் பக்கம் 1809ல வேலை ஆரம்பிச்ச குதிரை டிராம்வே, டெவரன் பக்கம் 1820கள்ல வந்த ரெட்ரூத் அண்ட் சேஸ்வாட்டர் ரயில்வே. இந்த ரெண்டாவது ரயில்வேயை முன்ன நின்னு கொண்டு வந்தவர் ஜான் டெய்லர்னு ஒரு சுரங்க இன்ஜினியர். பின்னால அவர் குடும்பத்து கம்பெனி ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ்தான் 1880ல இருந்து கோலார் தங்கவயலை நடத்தினது, கார்ன்வால் சுரங்க ஆளுங்க அங்க வந்து வேலை பாத்தாங்க, அவங்களோட பூமிக்கடியில இறங்கினதுல பெரும்பாலானவங்க வட ஆற்காடு மாதிரி ஜில்லாவுல இருந்து போன நம்ம தமிழ் சனங்க. அந்தப் பாதையில முதல் தடவை ஓட்டும்போது இது எனக்குத் தெரியாது, தெரிஞ்சப்புறம் போனப்போ அந்த இடிஞ்ச இன்ஜின் ஹவுஸ் (சுரங்கத்துக்கான நீராவி இன்ஜின் இருந்த கட்டடம்) சிம்னியெல்லாம் வேற மாதிரி தெரிஞ்சது. பையனுக்கு இத சொல்லுங்க, அவன் கேப்பான்.

இதுல டெவரன்ல ஆரம்பிச்சு போர்ட்ரீத்ல முடிங்க. காரணம் நடுவுல வர்ற போல்டிஸ் பள்ளத்தாக்கு, அங்க கல்லு உதிரி உதிரியா கிடக்கும், மழை அரிச்ச பள்ளமும் இருக்கும், 11 வயசுப் பையன் அதுல இறங்குறத விட ஏறுறதுதான் பத்திரம், முடியலன்னா இறங்கி தள்ளட்டும். அப்புறம் போர்ட்ரீத் வரைக்கும் பெரும்பாலும் மெதுவான இறக்கம், கடைசில பீச்சு. சில இடத்துல ரோட்டை குறுக்க தாண்டணும், கொஞ்சம் லேன்லயும் போகணும், அங்க மட்டும் அவனை நடுவுல வச்சுக்கோங்க. திரும்பியும் ஓட்டணும்னா மொத்தம் 22 மைல்.

ஒரு எச்சரிக்கை. அங்க செடி முளைக்காத மஞ்சள், சாம்பல் நிற மண் மேடுங்க பாப்பீங்க, அது சுரங்கக் கழிவு. அந்தப் பக்கம் ஆர்சனிக், அதான் நம்ம வெள்ளைப் பாஷாணம், அதை காய்ச்சி எடுத்த ஆலைங்க இருந்துச்சு, அந்த மண்ணுல இன்னும் அது இருக்கு. மேட்டுல ஏறி விளையாட விடாதீங்க, அங்க உக்காந்து சாப்பிடாதீங்க, கை கழுவாம ஸ்நாக்ஸ் வேண்டாம், ஓடைத் தண்ணி பாட்டில்ல பிடிக்கவே கூடாது. 1992 ஜனவரியில வீல் ஜேன் சுரங்கத்துல தண்ணி இறைக்கிற பம்பை நிறுத்தினதுக்கு அப்புறம் உள்ள தேங்கின தண்ணி உடைச்சுக்கிட்டு, டெவரன் பக்கம் ஓடுற கார்னன் ஆத்துல கலந்து முகத்துவாரமே ஆரஞ்சு நிறமாயிடுச்சு. ஆனா பாதையில ஓட்டிட்டு போறதுக்கு பயப்பட ஒண்ணுமில்ல.

மூணாவது நாள் கால் வலிச்சா ரெஸ்ட் எடுங்க, இல்லன்னா ரெட்ரூத் பக்கத்துல கார்ன் பிரே குன்றை சுத்தி வர்ற கிரேட் ஃப்ளாட் லோட் டிரெய்ல், 7.5 மைல்தான். பென்சான்ஸ்ல இருந்து 230 கிமீ வெஸ்ட் கெர்னோ வேன்னு ஒண்ணு 2021ல ஆரம்பிச்சாங்க, லேண்ட்ஸ் எண்டும் லிசார்டும் அதுல வரும், அருமையானது, ஆனா ரோடும் கலந்து வருது, கரடுமுரடும் அதிகம், அத நீங்க ரெண்டு பேரும் தனியா வர்றப்போ வச்சுக்கோங்க.

உங்க 40 எம்எம் டயர் எல்லாத்துக்கும் போதும். டியூப் இருந்தா காத்தழுத்தத்தை 40 பிஎஸ்ஐ கிட்ட வைங்க, டியூப்லெஸ்னா 30ல இருந்து 35, எடைக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கூட்டிக் குறைங்க. போல்டிஸ்ல கூர் கல்லு இருக்கும்ங்கறதால டியூப் வச்சிருக்கவங்க ரொம்பவும் காத்தை இறக்காதீங்க. பையனோட சைக்கிளுக்கு 30 போதும், பஞ்சர் கிட்டோட அவன் சக்கர சைஸுக்கு ஒரு டியூப் தனியா எடுத்துக்கோங்க, இத மறந்துட்டு பாதி வழியில தள்ளிட்டு வந்த குடும்பத்தை நான் பாத்திருக்கேன்.

ரெடிங்ல இருந்து பென்சான்ஸ் போற டிரெயின் பாட்மின் பார்க்வே, ரெட்ரூத் ரெண்டுலயும் நிக்கும். அந்த டிரெயின்ல சைக்கிளுக்கும் முன்கூட்டியே இடம் புக் பண்ணிடுங்க, இடமும் கொஞ்சம்தான், முன் சக்கரத்தை மேல மாட்டி தொங்கவிடணும். டிக்கெட்டுக்கு முன்னாடி சைக்கிள் இடம் மூணு கிடைக்குதான்னு பாருங்க, ரெண்டுதான் கிடைச்சா உங்க ரெண்டு பேர் சைக்கிளை எடுத்துக்கிட்டு பையனுக்கு அங்கயே வாடகைக்கு எடுங்க, வேட்பிரிட்ஜ்லயும், ரெண்டாவது நாள் பாதையில வர்ற பிஸ்ஸோங்கற ஊர்லயும் பசங்க சைஸ் கிடைக்கும், லீவு சமயம்ங்கறதால அதையும் இப்பவே சொல்லி வச்சிடுங்க.