கம்பைக் கீழே வைத்த பிறகு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மகன் எட்டு ஆண்டுகளாகச் சிலம்பமும், வெறுங்கையால் ஆடும் குத்துவரிசையும் கற்று வருகிறான். கூண்டுக்குள் நடக்கும் எம்.எம்.ஏ. என்ற கலப்புக் கலைச் சண்டைகளைக் கைபேசியில் பார்க்கத் தொடங்கியதிலிருந்து, ‘இதெல்லாம் பழங்காலத்துக் கலை, அங்கே ஒரு நிமிடம் தாங்காது’ என்கிறான். அவனுடைய வாத்தியாரோ, ‘வர்மம், அதாவது உடம்பின் உயிர்நிலைகளைத் தாக்கும் வித்தை, தெரிந்தவனுக்கு ஒரு விரல் போதும், அதனால்தான் அங்கே அதைத் தடை செய்திருக்கிறார்கள்’ என்கிறார். யார் சொல்வது சரி? (திருமங்கலம் வாசகர்)

பதில்: உங்கள் மகன் சொல்வது பெரும்பாலும் சரி, அதற்கு அவர் காட்டும் காரணம்தான் சரியன்று.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற கூண்டுச் சண்டைப் போட்டி முதன்முதலாக நடந்தது. எடைப் பிரிவு கிடையாது. கடிக்கக் கூடாது, கண்ணைத் தோண்டக் கூடாது என்பவற்றைத் தாண்டிப் பெரிய விதிகளும் கிடையாது. குத்துச்சண்டை, கராத்தே, சுமோ என்று ஆளுக்கொரு கலையோடு எட்டுப் பேர் வந்திருந்தார்கள். அவர்களுள் சுமார் 80 கிலோ எடையே இருந்த பிரேசில்காரர் ராய்ஸ் கிரேசி, ஒரே இரவில் மூன்று பேரைக் கட்டிப்பிடித்துக் கீழே கொண்டுபோய், தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தார். அவர் கற்றிருந்த ஜியு-ஜிட்சு என்ற பிடிச்சண்டைக் கலை, 1914-இல் பிரேசிலுக்குச் சென்ற மிட்சுயோ மாயேடா என்ற ஜூடோ வீரரிடமிருந்து அவர் குடும்பத்துக்கு வந்தது. ஜூடோவோ, ஜப்பானின் பழைய ஜுஜுட்சு மரபுகளைக் கொண்டு ஜிகோரோ கானோ 1882-இல் உருவாக்கியது. ஆக, அன்று வென்றதும் ஒரு பழைய கலையின் பேரப்பிள்ளைதான்.

கானோ செய்த மாற்றம் பார்வைக்குச் சிறியது. ஆளை முடமாக்கக்கூடிய அடிகளை, முன்பே வகுத்த அசைவுகளை மட்டும் செய்து பழகும் வரிசைப் பயிற்சிக்குள் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த பிடிகளையும் வீச்சுகளையும் மாணவர்கள் முழு பலத்தோடு ஒருவர் மேல் ஒருவர் போட்டுப் பார்க்கும்படி செய்தார். ஆபத்தைக் குறைத்த கலை வலுவிழந்திருக்க வேண்டும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் நாள்தோறும் இருபது முறை முழு வேகத்தில் போட்டுப் பார்த்த ஒரு பிடி, யார் மேலும் ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்க முடியாத ஒரு கொலை அடியைவிடக் கைக்கு நன்றாகப் பழகியிருக்கும்.

வாத்தியாரின் சொல்லுக்கும் இதுவே விடை. தொண்டை, பிடரி, முதுகெலும்பு, மர்ம உறுப்பு ஆகியவற்றில் அடிப்பதும், தனி விரலைப் பிடித்து மடக்குவதும் இன்றைய விதிகளில் குற்றம் என்பது உண்மை. ஆனால் தொடக்கக் காலப் போட்டிகளில் இவற்றுள் சிலவற்றுக்கு அனுமதி இருந்தும், கீழே விழுந்தவர்களை அவை காப்பாற்றவில்லை. வர்மத்தின் மருத்துவப் பக்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ‘ஒரு விரல் போதும்’ என்ற பேச்சை மட்டும், விலகி விலகி ஓடுகிற ஆளின் மேல் யாராவது செய்து காட்டும் வரை நான் ஏற்பதற்கில்லை.

சென்ற ஆடி மாதம் மதுரை அண்ணா நகரில் மாடியில் இயங்கும் ஒரு பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குத்துவரிசை கற்ற இளைஞர் ஒருவர் அழகாக நிலை போட்டு நின்றார். எதிரே நின்றவர் எந்தச் சண்டைக் கலையும் கற்காதவர். ஊர்த் திருவிழாக்களில் கபடி ஆடி வளர்ந்தவர். ‘ஆரம்பிக்கலாம்’ என்றதும் அவர் தலையைத் தாழ்த்தி, கபடியில் பாடி வருபவனின் தொடையைப் பிடிப்பதுபோலவே பாய்ந்து பிடித்தார். வரிசைக்காரரின் குத்து காற்றில் போனது. அவர் முதுகு மெத்தையில் விழுந்த சத்தம் கீழே தேநீர்க்கடை வரை கேட்டிருக்கும். இரண்டாம் முறையும் அதே கதை. மூன்றாம் முறை இளைஞர் குத்துவதை விட்டுவிட்டு, சிலம்பத்தில் காலை வாரும் கம்புக்கு விலகுவார்களே, அந்தக் காலடியைப் போட்டு இடப்பக்கம் சரிந்தார். கபடிக்காரர் வெறும் தரையைக் கட்டிக்கொண்டு கிடந்தார். அந்தக் காலடியை அவருக்கு அவருடைய சிலம்ப வாத்தியார் கற்பித்திருந்தார். எந்த நேரத்தில் போடுவது என்பதை இரண்டு முறை விழுந்த பிறகுதான் அவர் தெரிந்துகொண்டார்.

கராத்தே குடும்பத்தில் வளர்ந்த லியோட்டோ மச்சிடா 2009-இல் யு.எஃப்.சி. பட்டம் வென்றது இந்த வழியில்தான். மல்யுத்தக்காரர்கள் தன்னைப் பிடிக்காமல் இருப்பதற்கு வேண்டியதைக் கற்றுக்கொண்டு, அதற்கு மேல் கராத்தேயின் தூரக் கணக்கைப் பயன்படுத்தினார். உங்கள் மகனும் எட்டு ஆண்டுகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை.

கேள்வி: சிலம்பக்காரர் கையில் கம்பு இருந்தால் எம்.எம்.ஏ. வீரர் நிற்பாரா? (உசிலம்பட்டி வாசகி)

பதில்: நிற்க மாட்டார், ஓடுவார், ஓடுவதுதான் புத்திசாலித்தனம். நெற்றி உயரக் கம்புக்கும் வெறுங்கைக்கும் இடையே கலையை ஒப்பிட என்ன இருக்கிறது? ஆயினும் உங்கள் கேள்வியில் ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. கம்பு நுனியில் மாவோ சாந்தோ தோய்த்துக்கொண்டு, யார் உடம்பில் எத்தனை பொட்டு விழுந்திருக்கிறது என்று எண்ணி வெற்றியைத் தீர்மானிக்கும் தொடுமுறைப் போட்டி நம்மிடம் இருந்து வருகிறது. அதில் எதிராளி உண்மையிலேயே தடுக்கிறார், உண்மையிலேயே அடிக்கிறார். அதனால்தான் கம்பு சுற்றும் கலை இன்றும் உயிரோடு இருக்கிறது. போட்டி என்பதே அருகிப்போய், கோயில் வாசலில் வரிசை போட்டுக் காட்டுவதாகக் குறுகிவிட்ட இடங்களில் குத்துவரிசை மெலிந்திருக்கிறது.

கேள்வி: கீழே விழுந்து புரளும் சண்டை தமிழருக்கு அந்நியமானது என்கிறார்களே? (மேலூர் வாசகர்)

பதில்: போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு பொருத காட்சியைச் சங்கப் பாடல் ஒன்று பாடுகிறது. ஒரு காலை மல்லனின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் செய்யும் எதிர்முயற்சியைத் தடுத்து நிற்கிறான் சோழன். இன்றைய பயிற்சிக் கூடங்களில் கீழே கிடப்பவரின் மார்பை முழங்காலால் அழுத்தி ஆளை எழவிடாமல் செய்கிறார்களே, அதற்கு மிக அருகில் நிற்கும் காட்சி இது. பயில்வான், கோதா (மல்யுத்தக் களம்) என்ற சொற்கள் நம் பேச்சில் இன்னும் புழங்குகின்றன. மண்ணைக் கொத்திப் பதப்படுத்திய கோதாக்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகளை எதில் சேர்க்கலாம்? (சோழவந்தான் வாசகி)

பதில்: தலையில் குத்து வாங்கும் பயிற்சி எதிலும் இந்த வயதில் வேண்டாம், எம்.எம்.ஏ. கூடத்தில் சேர்த்தாலும் பிடிவகைப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். 2024 ஜூன் மாதம் யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியப் பெண் பூஜா தோமர் அதற்கு முன்பு பல ஆண்டுகள் வூஷு என்ற சீனச் சண்டைக் கலை ஆடியவர். ஆகவே, ஒரு மரபுக் கலையில் தொடங்குவதால் எந்தக் கதவும் அடைபட்டுவிடாது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பமும் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது.

எந்தக் கூடமானாலும் ஒருநாள் மாலை போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பிள்ளைகள் வரிசை போட்டு முடித்ததும் வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறாரா, அல்லது தலைக்கவசம் மாட்டி இருவர் இருவராக எதிரெதிரே நிறுத்தி ஆடவிடுகிறாரா என்பதைக் கவனியுங்கள். அப்படி ஆடவிடும் வாத்தியார் சோழவந்தானிலேயே இருந்தால், அவளை மதுரைக்குப் பேருந்து ஏற்ற வேண்டிய அவசியமே இல்லை.