தலைப்பை விடுங்கள், பல்லவியைப் பிடியுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். முசிறி பக்கம் ஒரு கிராமம். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறேன். 2021 கொரோனாவில் கச்சேரி இல்லாமல் சும்மா இருந்தபோது ஒரு காதல் பாட்டுக்கு மெட்டுப் போட்டேன். என் நண்பன் எழுதினான். யூடியூபில் போட்டதில் இதுவரை 2 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். மூன்று மாதமாக ஒரு டிவியில் அதே பெயரில் சீரியல் ஓடுகிறது. பெயரைத் தட்டினால் வரிசையாக அவர்கள் புரோமோதான் வருகிறது, என் பாட்டைக் காணோம். தலைப்பை நான் எங்கும் பதிவு செய்யவில்லை. நோட்டீஸ் அனுப்பிப் பெயரை மாற்ற வைக்கலாமா? யூடியூபில் புகார் செய்து, அவர்கள் வீடியோவை எடுக்க வைக்கும் ஸ்டிரைக் கொடுக்கலாமா? அவர்கள் டைட்டில் சாங்கில்கூட எங்கள் பல்லவி மாதிரியே இரண்டு வரி வருகிறது. பெயர் விவரம் எதுவும் போட வேண்டாம்.

பதில்: உங்கள் பெயரையும் பாட்டின் தலைப்பையும் மறைத்துவிட்டேன். இரண்டு சொல் தலைப்பு, அதில் ஒன்று மழை. வாசகர்களுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் கசப்பு மருந்து. தலைப்பு உங்களுடையது அல்ல. சீரியல்காரர்களுடையதும் அல்ல. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 13ஆவது பிரிவு எழுத்து, நாடகம், இசை, ஓவியம் போன்ற கலைப் படைப்பு, சினிமா, ஒலிப்பதிவு ஆகியவற்றுக்குத்தான் காப்பு தருகிறது. இரண்டு சொல் அதற்குள் வராது. 2015இல் உச்ச நீதிமன்றம் இதைப் பளிச்சென்று சொல்லிவிட்டது. 'தேசி பாய்ஸ்' என்று கதைச் சுருக்கம் எழுதி அனுப்பிய ஒருவர், அதே பெயரில் இந்திப் படம் வந்ததும் கிரிமினல் புகார் கொடுத்தார். கதையைத் திருடினார்கள் என்று அவர் சொல்லவில்லை, பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்றார். தலைப்புக்கு மட்டும் பதிப்புரிமை கிடையாது என்று கோர்ட் புகாரையே ரத்து செய்தது.

காதல் தலைப்பு என்றால் நிலைமை இன்னும் மோசம். நம் ஊரில் காதலைச் சொல்ல இருக்கிற சொற்களே ஒரு கைப்பிடிதான்: நெஞ்சம், நீ, மழை, மௌனம், நிழல், உயிர். எல்லாரும் அதே பானையில்தான் கைவிடுகிறார்கள். 'நெஞ்சம் மறப்பதில்லை' 1963இல் ஸ்ரீதர் எடுத்த மறுபிறவிக் காதல் படம். அதில் அதே வரியில் தொடங்கும் பாட்டு வேறு. 2017இல் அந்தப் பெயரில் விஜய் டிவியில் சீரியல் வந்தது. 2021இல் செல்வராகவன் படம் வந்தது, அது பேய்ப் படம்! 'காதலிக்க நேரமில்லை'க்கும் இதே கதைதான்: 1964இல் படம், பிறகு டிவி தொடர், 2025 பொங்கலுக்கு மறுபடி படம். 1982இல் 'நினைவெல்லாம் நித்யா'வில் இளையராஜா இசையில் எஸ்.பி.பி. பாடிய 'நீதானே எந்தன் பொன்வசந்தம்' 2012இல் 'எந்தன்' போய் 'என்' ஆகிக் கௌதம் மேனன் படத்துக்குத் தலைப்பானது. பிற்பாடு ஜீ தமிழ் சீரியலுக்குப் பெயர் வைத்தபோது 'எந்தன்' திரும்பி வந்துவிட்டது. பாட்டு, படம், சீரியல் மூன்றையும் குழப்பிக்கொண்டு யாராவது டிக்கெட் வாங்கியிருப்பார்களா? கோர்ட்டும் ஏறக்குறைய இதையேதான் கேட்கும்.

அந்தக் கேள்வி டிரேட் மார்க் சட்டத்திலிருந்து வருவது. பதிப்புரிமையில் தோற்றவர்கள் அடுத்து ஓடுவது அங்கேதான். நம் பெயரைச் சொல்லித் தன் சரக்கை விற்கிறான் என்று வழக்குப் போடலாம், பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் தலைப்பைக் கேட்டதும் ஊருக்கு உங்கள் பாட்டுதான் ஞாபகம் வரும் என்று நிரூபிக்க வேண்டும். 2007இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் 'நிஷப்த்' என்ற பெயருக்காக இப்படி ஒரு வழக்கு வந்தது. பெங்காலிப் படம் ஒன்று அந்தப் பெயரில் முன்பே எடுக்கப்பட்டு விழாக்களில் பாராட்டும் வாங்கியிருந்தது. பிறகு அமிதாப் நடித்த இந்திப் படத்துக்கும் அதே பெயர். தடை கிடைக்கவில்லை. விழாவில் பார்த்தவர்களுக்குத் தெரிந்தால் போதாது, பொதுமக்கள் மனசில் அந்தப் பெயர் பதிந்திருக்க வேண்டும் என்றது கோர்ட். 'ஷோலே' மாதிரிப் பெயராக இருந்தால் வேறு விஷயம். அந்தப் படத்தைத் தழுவி எடுத்தவர்களுக்கு எதிரான வழக்கில் 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. உங்கள் 2 லட்சம் பார்வையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது ஷோலே ஆகாது.

'கபி அல்விதா நா கெஹ்னா' வழக்கு உங்களுக்கு இன்னும் நெருக்கம். பழைய இந்திப் பாட்டில் வரும் வரி அது, 2006இல் படத்தின் பெயரானது. அந்தப் பெயருக்கு முன்பே டிரேட் மார்க் விண்ணப்பம் போட்டு வைத்திருந்தவர் தடை கேட்டார். கிடைக்கவில்லை. எல்லார் வாயிலும் புழங்குகிற சொற்றொடரை ஒருவர் மட்டும் பட்டா போட முடியாது.

"அப்படியென்றால் சினிமாக்காரர்கள் ஏன் தலைப்பைப் பதிவு செய்கிறார்கள்?" என்று கேட்பீர்கள். தயாரிப்பாளர் சங்கம், ஃபிலிம் சேம்பர், கில்டு போன்ற சினிமா அமைப்புகளில் செய்வது உறுப்பினர்களுக்குள் இருக்கும் கட்டுப்பாடு. ஊர்க் கட்டுப்பாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், சட்டம் இல்லை. 'கரு' என்ற தலைப்புக்காக 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், அதை முன்பே பதிவு செய்திருந்தவர் பக்கம் டிவிஷன் பெஞ்ச் (இரண்டு நீதிபதி அமர்வு) நிற்கவில்லை. இதில் வேடிக்கை, அந்தப் படம் கடைசியில் 'தியா' என்ற பெயரில்தான் தியேட்டருக்கு வந்தது. ஆகவே, பதிவு செய்யாமல் விட்டோமே என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

தலைப்புக்காக ஸ்டிரைக் கொடுக்கவே கூடாது. யூடியூப் ஸ்டிரைக் பதிப்புரிமைக்கானது, பெயருக்கு அதில் இடமில்லை. ஆதாரம் இல்லாமல் மிரட்டினால், பதிப்புரிமைச் சட்டம் 60ஆவது பிரிவின்படி அவர்கள் உங்கள் மேல் திருப்பி வழக்குப் போடலாம்.

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முந்தைய வரி. "டைட்டில் சாங்கில்கூட" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தம்பி, உங்கள் வழக்கே அதுதான்.

ஆபீஸ் மூடிய பிறகு இரண்டு லிங்க்கையும் மாறி மாறிப் போட்டுக் கேட்டேன். உங்கள் பாட்டு: "குடைய மறந்து வந்தேன், உன் குரலில் நனைஞ்சு போனேன்." அவர்கள் பாட்டு: "குடை மறந்து வந்தேனே, உன் குரலில் நனைந்தேனே." மழையும் குடையும் யாருக்கும் சொந்தமில்லை. குடையை மறந்து வந்தவன் குரலில் நனைகிறான் என்ற அந்தத் திருப்பம், அதே வரிசையில், அதே இடத்தில் மூச்சு வாங்கி வருகிறதே, அதைத் தற்செயல் என்று சொல்ல அவர்கள் வக்கீல் நிறைய வியர்க்க வேண்டும். மெட்டு வேறு மாதிரிதான் கேட்கிறது. எனக்குச் சங்கீத ஞானம் குறைவு, அதை ஒரு வித்வானிடம் காட்டி ஸ்வரமாக எழுதி வாங்குங்கள். தன் நாடகத்தைத் திருடிப் படமெடுத்தார்கள் என்று ஆர்.ஜி.ஆனந்த் என்பவர் போட்ட வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றும் அதுவே: கருத்துக்கு உரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கு உண்டு. இரண்டையும் பார்த்த சாதாரண மனிதனுக்கு 'இது அதன் காப்பி' என்று சந்தேகமில்லாமல் தோன்ற வேண்டும். இரண்டு வரி போதுமா? பாட்டின் உயிர் அந்த இரண்டு வரிதான் என்றால் போதும் என்று வாதாடலாம். ஜெயிப்போம் என்று எழுதித் தரமாட்டேன்.

ஆனால் ஒரு முடிச்சு இருக்கிறது. வரிகளை எழுதியது உங்கள் நண்பர். சட்டப்படி வரிகளின் முதல் சொந்தக்காரர் அவர், மெட்டுக்கு மட்டும் நீங்கள். ஜிபேயில் 5,000 ரூபாய் அனுப்பியிருந்தாலும் உரிமை உங்களுக்கு மாறிவிடாது, எழுத்தில் கையெழுத்து வேண்டும். பழைய தேதி போட்டுப் பத்திரம் தயார் செய்யலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்புங்கள். நேர்வழி சுலபம்: நண்பரே வாதியாகட்டும், நீங்கள் கூட நில்லுங்கள். இல்லையென்றால் இன்றைய தேதியில் உரிமை மாற்ற ஒப்பந்தம் போடுங்கள். அதில் எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 வருஷம் என்றே எடுத்துக்கொள்ளும், ஊர் எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். ஏற்கெனவே நடந்த மீறலுக்கு வழக்குப் போடும் உரிமையும் சேர்த்தே தருகிறேன் என்று ஒரு வரி இருக்கட்டும்.

பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, எழுதிய நிமிடமே உரிமை பிறந்துவிடுகிறது. இருந்தாலும் கோர்ட்டில் காட்ட ஒரு காகிதம் இருப்பது நல்லது. வரிகளுக்கு 500, இசைக்கு 500, ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய் கட்டணம், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். அதைவிட முக்கியம் 2021இன் தடயங்கள். நண்பர் வரி அனுப்பிய வாட்ஸ்அப், நீங்கள் பாடி அனுப்பிய வாய்ஸ் நோட், புராஜெக்ட் ஃபைல் எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆதாரத்துக்கு இப்போது பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அதை நோட்டீஸுக்கு முன்பே தயார் செய்வோம். நோட்டீஸ் போனதும் அவர்கள் வீடியோவை எடுத்துவிட்டால் பிறகு தேடி அலைய வேண்டியிருக்கும், அதனால் டைட்டில் சாங்கை இன்றே முழுசாகச் சேமியுங்கள்.

பிறகு நோட்டீஸ். அதில் தலைப்பைப் பற்றி ஒரு எழுத்தும் வேண்டாம். பலவீனமான கோரிக்கையைச் சேர்த்தால் பலமான கோரிக்கையும் நொண்டும். இரண்டு வரியை நீக்கு, இல்லையேல் நண்பரின் பெயரைப் போட்டு உரிமத் தொகை கொடு, அவ்வளவே. சீரியல்காரர்கள் நடு ஓட்டத்தில் வழக்கை விரும்பமாட்டார்கள், பெரும்பாலும் பேச வருவார்கள். வராவிட்டால், பதிப்புரிமை மீறலுக்கு நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 62ஆவது பிரிவு இடம் தருகிறது. சென்னைக்கு பஸ் ஏற வேண்டாம், திருச்சியே போதும். உடனடித் தடை கேட்காத வணிக வழக்கென்றால் முதலில் சமரசப் பேச்சுக்குப் போய் வர வேண்டியிருக்கும். யூடியூபுக்குப் புகார் கொடுப்பதானால் இந்தப் பாட்டுக்கு மட்டும் கொடுங்கள். ஆனால் 21 நாளுக்குள் கோர்ட் உத்தரவு கொண்டுபோகாவிட்டால் எடுத்த வீடியோவைத் திரும்பப் போட விதியில் இடமுண்டு. அதனால் வழக்கு தயாராகாமல் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டாம்.

தேடலில் பாட்டு கீழே போனதற்குச் சட்டத்தில் மருந்தில்லை. தலைப்போடு உங்கள் பெயரையும் முதல் வரியையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். குடையும் குரலும் தேடுகிறவர்கள் உங்களிடம்தான் வந்து சேரட்டும்.

நண்பரோடு இப்போது பேச்சுவார்த்தை இருக்கிறதா? அதைக் கடிதத்தில் சொல்லவே இல்லை. முதலில் அவருக்கு ஒரு போன் போடுங்கள்.