தன்னோடு பொருத்திப் படித்தால் மறக்காதா?

"படிப்பதை நம் வாழ்க்கையோடு தொடர்புபடுத்திக்கொண்டால் மறக்காது என்கிறார்களே, உண்மையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மைதான். ஆனால், அந்தத் தொடர்பு பாடத்தின் எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும் என்பது, பத்தாம் வகுப்புக்கு உயிரியல் நடத்தும் நான் கண்டது.

1977-இல் ரோஜர்ஸ், கைப்பர், கிர்க்கர் என்ற உளவியலாளர்கள், குணங்களைக் குறிக்கும் சொற்களைக் காட்டி, சிலவற்றின் எழுத்தளவைப் பற்றியும், சிலவற்றின் ஓசையைப் பற்றியும், சிலவற்றின் பொருளைப் பற்றியும் கேட்டார்கள், எஞ்சியவற்றுக்கு "இந்தக் குணம் உங்களிடம் உண்டா?" என்று கேட்டார்கள். பின்னர், சொல்லாமல் வைத்த நினைவுத் தேர்வில், தம்மோடு பொருத்திப் பார்த்த சொற்களையே மக்கள் அதிகம் நினைவுகூர்ந்தார்கள். நம்மைப் பற்றி நாம் சேர்த்துவைத்திருக்கும் அறிவு விரிவானது, ஒழுங்குபட்டது, நாள்தோறும் புழங்குவது. ஆகவே அதில் வந்து சேரும் புதுச் செய்தியைத் திரும்ப எடுக்கப் பல வழிகள் கிடைக்கின்றன. தாயோடு பொருத்திப் பார்த்தாலும் ஏறத்தாழ அதே பலன் கிட்டுவதை 1979-இல் பவர், கில்லிகன் என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். இது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நன்கு அறிந்த ஒருவர் இருந்தால் போதும், அவர் நாமாகவே இருக்க வேண்டியதில்லை.

இன்சுலின் பாடத்தின்போது, "உங்கள் வீட்டில் யாருக்குச் சர்க்கரை நோய்?" என்று ஒருமுறை கேட்டேன். வகுப்பே பேசியது. தேர்விலோ, பாட்டி ஊசி போட்டுக்கொள்வதை நினைவில் வைத்திருந்த மாணவி, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தை மறந்திருந்தாள். சர்க்கரை நோயாளிகள் அனைவருமே ஊசி போட்டாக வேண்டும் என்றும் எழுதியிருந்தாள். தன் வீட்டில் கண்டதே பொது விதி என்று அவள் கொண்டது எனக்கு வருத்தமளித்தது. பிழை அவளுடையது அன்று, என் கேள்வியினுடையது. என் கேள்விக்குப் பதில் சொல்ல இன்சுலினைப் பற்றி அவள் எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இப்போது, "ஊசி போட்ட பிறகு பாட்டி சாப்பிடாமல் இருந்தால் ஏன் மயக்கம் வருகிறது?" என்று கேட்கிறேன். இதற்கு விடை சொல்ல, இன்சுலின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸைச் செல்களுக்குள் செலுத்துகிறது என்பதையும், உணவு வராதபோது இரத்தத்தில் அதன் அளவு மிகவும் குறைந்துவிடும் என்பதையும் அவர்கள் எண்ணியே ஆக வேண்டும். அதன்பின், மாத்திரை மட்டும் சாப்பிடும் பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றியும் கேட்கிறேன்.