பாலும் பரம்பரையலகும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: தம்பலகாமத்து எருமைத் தயிர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒத்துக்கொள்கிறது. பசும்பால் ஒரு கோப்பை குடித்தால் பாதிப்பேருக்கு வயிறு ஊதிவிடுகிறது. பாலைச் செரிக்கும் தன்மை அண்மைய இயற்கைத் தேர்வால் பரவியது என்று வாசித்தேன். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? உயர்தர மாணவர்கள் செய்து பார்க்கலாமா?
– உயிரியல் ஆசிரியை, திருகோணமலை

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஒரு மடிகணினியும் இணைய இணைப்பும் போதும்.

வயிறு ஊதுவது நோயல்ல. மனித இனத்தின் பழைய நிலையே அதுதான். குழந்தைப் பருவம் கழிந்ததும், பாலிலுள்ள லக்ரோஸ் என்ற வெல்லத்தை உடைக்கும் லக்ரேஸ் நொதியம் குறைந்துவிடும். தயிரில் பற்றீரியாக்கள் லக்ரோஸில் ஒரு பங்கை முன்கூட்டியே உடைத்துவிடுவதால் அது ஒத்துக்கொள்கிறது. லக்ரேஸ் பரம்பரையலகுக்கு 13,910 காரங்கள் (டி.என்.ஏ.யின் எழுத்துகள்) முன்னால் சைற்றோசின் என்ற காரத்துக்குப் பதில் தைமின் உள்ளவர்களுக்கு, அவர்கள் வளர்ந்த பின்னும் நொதியம் சுரக்கும். வட ஐரோப்பாவில் இது மிகப் பரவல். வடமேற்கு இந்தியாவிலும் உண்டு, தெற்கே வரவரக் குறையும்.

இப்படியான எழுத்து மாற்றமே விகாரம்; அது வேகமாகப் பரவியதா என்பதை அதைச் சுற்றியுள்ள துண்டின் நீளம் காட்டும். குறுக்குப் பரிமாற்றம் தலைமுறைதோறும் நிறமூர்த்தத்தை வெட்டி ஒட்டுகிறது. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 10,000 ஆண்டுக்கு 400 தலைமுறை. அதற்குள் ஒரு விகாரத்தைச் சுற்றி வெட்டுப்படாமல் மிஞ்சுவது, சராசரியாகப் பக்கத்துக்கு 0.25 சென்ரிமோர்கன் (குறுக்குப் பரிமாற்றம் நிகழும் வாய்ப்பை வைத்துத் தூரத்தை அளக்கும் அலகு); ஏறத்தாழ 250,000 காரங்கள். தற்செயலாகப் பெருகும் விகாரம் பரவலாவதற்கு நெடுங்காலம் எடுக்கும், அதற்குள் துண்டு நறுங்கிப்போகும். பரவலாகவும் இருந்து துண்டும் நீளமாக இருந்தால் அது வேகமாகப் பரவியிருக்கிறது. ஐரோப்பியரில் அந்தத் தைமினைச் சுமக்கும் துண்டு பத்து இலட்சம் காரங்களை எட்டுகிறது!

அளக்கும் வழியை 2002இல் மரபியலாளர் சபேத்தி குழுவினர் தந்தார்கள். 2006இல் வோய்ட், பிரிட்சர்ட் குழுவினர் மேம்படுத்தினார்கள். ஓரிடத்தில் ஒரே எதிருருவுள்ள (அவ்விடத்தில் வரக்கூடிய மாற்று வடிவங்களில் ஒன்று) இரு நிறமூர்த்தங்களை எழுமாற்றாக எடுத்தால், அவ்விடத்திலிருந்து இன்ன தூரம்வரை அவை ஒத்திருக்க நிகழ்தகவு என்ன? தொடக்கத்தில் 1, விலக விலக இறங்கும். அது 0.05 ஆகும்வரை வளையியின் கீழுள்ள பரப்பைக் கணியுங்கள். பழைய எதிருருவுக்கும் புதியதற்கும் தனித்தனியே செய்து, விகிதத்தின் இயற்கை மடக்கையை எடுத்து, அதே மீடிறனுள்ள (மக்களிடையே அதே வீதத்தில் காணப்படும்) மற்ற இடங்களோடு ஒப்பிட்டு நியமப்படுத்துங்கள். நேரோ மறையோ, 2ஐத் தாண்டும் இடங்கள் கூட்டமாக நின்றால் கவனியுங்கள். ஒற்றை இடத்தை நம்பவேண்டாம்.

தரவுக்கு ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டம் இருக்கிறது. 2015இல் வெளியான 2,504 பேரில் பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேரும் உண்டு. கணிப்புக்கு இலவச மென்பொருளான செல்ஸ்கான். ஆனால் முதலில் வட ஐரோப்பிய வம்சாவளி மாதிரியின் 2ஆம் நிறமூர்த்தத்தை ஓட்டுங்கள். அதில் லக்ரேஸ் பகுதி தலைதூக்கவில்லை என்றால் செய்முறையில்தான் பிழை.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள் சில. எது பழைய எதிருரு என்று மாறிக் குறித்தால் விடையின் குறி தலைகீழாகும். 2006 கட்டுரைக்கும் செல்ஸ்கானுக்கும் குறி வழக்கமே எதிரெதிர். தாய்வழி, தந்தைவழி நிறமூர்த்தங்களைப் பிரிப்பதில் வரும் பிழை துண்டைக் குட்டையாக்கும். 5 வீதத்துக்குக் குறைந்த மீடிறன்களை விட்டுவிடுங்கள். அநேகமாக எல்லோரிடமும் பரவி முடிந்த விகாரத்தை இந்த முறை பிடிக்காது. அதற்கு இரு மக்கட்கூட்டங்களை ஒப்பிடும் முறை வேண்டும். குறுக்குப் பரிமாற்றம் குறைந்த பகுதியில் தேர்வே இல்லாமலும் துண்டு நீளும். ஆகவே தூரத்தைக் காரங்களில் அளக்காமல் சென்ரிமோர்கனில் அளவுங்கள்.