பனியாற்று முகாம்: உயரத்துக்கா, பனிக்கா?

வணக்கம்.

என் மகனுக்கு 16 வயது. பேர்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கீ கழகத்தில் கிராஸ் கன்ட்ரி ஸ்கீ ஓடுகிறான். வருகிற ஆகஸ்டில் கழகம் பிள்ளைகளை 10 நாள் பயிற்சிக்கு ஒஸ்திரியாவின் டாக்ஸ்டைன் பனியாற்றுக்குக் கூட்டிப் போகிறது. போன வருடமும் போனான். திரும்பி வந்து இரண்டு கிழமை தடிமனும் களைப்புமாகக் கிடந்தான். கோடை முழுக்க வீதியில் ரோலர் ஸ்கீ (சக்கரம் பூட்டிய ஸ்கீ) ஓடுகிற பிள்ளைக்கு இந்தச் செலவு தேவைதானா? உயரத்தில் நின்றால் இரத்தம் ஊறும் என்கிறான் அவன். அப்படியென்றால் மேலேயே கூடுதல் நேரம் நிற்பது நல்லதா? மெழுகு, உடுப்பு விடயங்களில் நாங்கள் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

ச., பேர்ண்

அன்புள்ள ச.,

போகட்டும். ஆனால் உயரத்துக்காக அல்ல, பனிக்காகப் போகட்டும். இந்த முகாம்களில் பிள்ளைகள் நொந்துபோவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

முதலில் இரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முகாம் தங்குவது மலையடியிலுள்ள ராம்சா கிராமத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டரில். காலையில் கேபிள் காரில் 2,700 மீட்டர் அளவிலுள்ள ஹுனர்கோகலுக்கு ஏறி, இரண்டு மூன்று மணி நேரம் ஓடிவிட்டு மத்தியானம் இறங்கிவிடுவார்கள். சிவப்பணு கூடுவதற்கு இது போதாது. நித்திரை உட்பட நாளின் பெரும்பகுதியை 2,000 மீட்டருக்கு மேலே கழிக்க வேண்டும், அதுவும் மூன்று நான்கு கிழமை. 1997-ல் லெவின், ஸ்ட்ரே-குண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்வில் ஓட்டக்காரர்கள் 4 கிழமை 2,500 மீட்டரில் வாழ்ந்து, 1,250 மீட்டருக்கு இறங்கி வந்து பயிற்சி செய்தார்கள். உங்கள் மகன் செய்யப்போவது அதற்கு நேர்மாறு: கீழே படுத்து மேலே ஓடுவது. மூன்று மணியை ஐந்து மணியாக்கினால் இரத்தம் ஊறாது, களைப்புத்தான் ஏறும்.

பிறகு எதற்கு அவ்வளவு தூரம் போவது? ரோலர் ஸ்கீ சொல்லிக்கொடுக்காத ஒன்றுக்காக. கிளாசிக் (இரு காலையும் நேராக முன்னோக்கி வைத்து உதைத்து ஓடும் முறை) ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் முன்னோக்கி மட்டுமே சுழலும், பின்னால் உருளாது. அதனால் எப்படி உதைத்தாலும், எவ்வளவு பிந்தி உதைத்தாலும் கால் வழுக்காது. பனியில் கதை வேறு. ஸ்கீயின் நடுப்பகுதி வில்லாக மேலே வளைந்திருக்கும். இரண்டு பாதமும் பக்கத்தில் பக்கத்தில் வரும் அந்தக் கணத்தில் முழு உடல் எடையும் ஒரு காலில் இறங்கினால்தான் வளைவு அமுங்கி, அடியில் பூசிய பிடிமெழுகைப் பனி பிடிக்கும். ஸ்கீ ஒரு நொடிக்கும் குறைவாக அசையாமல் நிற்கும், அதற்குள் உதைக்க வேண்டும். பாதம் பின்னால் போன பிறகு உதைத்தால் சறுக்கல்தான். ஏப்ரல் முடிய நவம்பர் வரை தார் வீதியிலேயே ஓடுகிறவர்களுக்கு இந்தப் பிந்தி உதைக்கும் பழக்கம் தன்னை அறியாமலே ஒட்டிக்கொள்ளும். காலைப் பக்கவாட்டில் தள்ளி ஓடும் ஸ்கேட்டிங் முறையிலும் இப்படித்தான்: ரோலர் சக்கரம் சரிந்து நின்றாலும் நன்றாகவே உருளும். பனியில் ஸ்கீ உள்விளிம்பில் சரிந்தால் பனியைக் கீறி வேகத்தைத் தின்றுவிடும். தட்டையாக வைத்து அதன் மேல் நின்று சறுக்கப் பழக வேண்டும். ஆகஸ்டில் 10 நாள் இதைத் திருத்திக்கொண்டால், நவம்பரில் முதல் பனி விழும்போது சுழியத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

ஆகவே மேலே நடக்கும் பயிற்சி மெதுவாக இருக்க வேண்டும். 2,700 மீட்டரில் உடம்பு எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச ஒக்சிசன் கீழே இருப்பதைவிடப் பத்து வீதத்துக்கும் மேல் குறையும், பயிற்சி பெற்றவர்களுக்கு இன்னும் அதிகம். கீழே இலகுவாக ஓடும் அதே வேகம் மேலே கடும் பயிற்சியாகிவிடும். 16 வயதுப் பிள்ளைகள் குழுவாக ஓடும்போது ஒருவரை ஒருவர் முந்தப் பார்ப்பார்கள், மூன்றாம் நாளே தீர்ந்துபோவார்கள். போன வருடத் தடிமனுக்கு இது காரணமாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கடிகாரத்தில் வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பார்த்து ஓடட்டும். முழு வசனமாகப் பேச மூச்சு இருக்க வேண்டும். முதல் மூன்று நாள் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். நாலாம் அல்லது ஐந்தாம் நாள் பின்னேரம் முழு ஓய்வு. இடைவேளைப் பயிற்சி (கடும் ஓட்டமும் இளைப்பாறலும் மாறி மாறி) இருந்தால் பின்னேரம் ராம்சா வீதிகளில் ரோலர் ஸ்கீயில் செய்யட்டும், மேலே வேண்டாம். மேலே வேகம் வேண்டுமென்றால் 10 முதல் 15 விநாடி ஓட்டங்கள், நடுவில் மூச்சு முழுதாக அடங்கும்வரை இளைப்பாறல். மிச்ச நேரம் நுட்பத்துக்கு: கைக்கோல் இல்லாமல் 20 நிமிடம் கிளாசிக், கைக்கோல் இல்லாமல் ஸ்கேட்டிங், பிறகு பயிற்சியாளர் பக்கவாட்டில் நின்று எடுத்த வீடியோவை அன்றே பார்ப்பது. 10 நாளில் அதிகப் பலன் தருவது இந்த வீடியோதான் என்பது என் எண்ணம்.

நேரத்தைச் சூரியன் தீர்மானிக்கும். இரவில் உறைந்த பாதை காலையில் கண்ணாடி போல இருக்கும், பதினொரு மணிக்குள் சோறு குழைந்தாற்போலாகிவிடும். முதல் கேபிள் காரைத் தவறவிட்டால் நல்ல பனியில் பாதி போய்விட்டது. மத்தியானத்துக்குப் பிறகு இடிமின்னலும் வரும், அதற்கு முன் இறங்கிவிட வேண்டும். மூடுபனியில் வழி தெரியாவிட்டாலும் செப்பனிட்ட பாதையை விட்டு விலகவே கூடாது. பக்கத்திலுள்ள மூடிய பனிப்பிளவுகள் கண்ணுக்குத் தெரியாது.

மெழுகு விடயத்தில் குளிர்காலப் பழக்கம் இங்கே உதவாது. கோடைப் பனி பழையது, பருமணியாக, அழுக்காக இருக்கும். சாதாரணப் பிடிமெழுகு அதில் நிமிடங்களில் தேய்ந்துபோகும், கிளிஸ்டர் என்ற பசைபோல ஒட்டும் பிடிமெழுகுதான் வேண்டும். கிளிஸ்டர் பகுதியை 100 இலக்க உப்புத்தாளால் உரசி, குதிக்கால் இருக்கும் இடத்திலிருந்து பைண்டிங்குக்கு (சப்பாத்தைப் பூட்டும் பகுதி) முன்னால் 15 முதல் 20 சென்ரிமீட்டர் வரை மட்டும் பூசுங்கள். அடியில் நீல கிளிஸ்டரை மெல்லியதாக அயனால் உருக்கிப் பிடிக்க வைத்து, ஆறியதும் மேலே யூனிவர்சல் கிளிஸ்டரைச் சிறு சிறு பொட்டாக வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பரப்ப வேண்டும். தடிப்பாகப் பூசினால் அழுக்கை இழுத்து நடுவில் கட்டியாகிவிடும். பனியில் வைக்க முன் வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். சூடாக இருக்கும் கிளிஸ்டர் பனியில் பட்டதும் ஐஸ் பிடித்துக்கொள்ளும்.

வழுக்கி ஓடுவதற்கான சறுக்கு மெழுகில் ஈரப் பனிக்கான மிருதுவான மஞ்சள் நிற மெழுகைப் பூசத் தோன்றும். ஆனால் மிருதுவானதில் கறுப்புத் தூசு ஒட்டும். ஒரு படி கடினமானதைப் பூசி, சுரண்டிய பின் தூரிகையால் நன்றாகத் தேய்த்து எடுங்கள். ஒவ்வொரு மாலையும் மிருதுவான மெழுகை உருக்கிப் பூசி, இளஞ்சூட்டிலேயே சுரண்டினால் அழுக்கும் கூடவே வந்துவிடும். போட்டிக்கு வைத்திருக்கும் நல்ல ஸ்கீ வேண்டாம், பழையது போதும்.

2022-ல் டாக்ஸ்டைனில் மலைச்சரிவில் இறங்கும் அல்பைன் ஸ்கீக்காரர்களின் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள், பனியாறு அவ்வளவு சுருங்கிவிட்டது. போகும் கிழமையில் எவ்வளவு கிலோமீட்டர் பாதை திறந்திருக்கிறது என்று கழகத்திடம் கேளுங்கள். மிகக் குறைவாக இருந்தால் முகாமைப் பின்போடச் சொல்லுங்கள்.

மேலே வெயில் கடுமை. ஆயிரம் மீட்டருக்குப் பத்து வீதம் அளவில் புறஊதாக் கதிர் கூடும், பனி அதைத் திருப்பியும் அடிக்கும். களிம்பை மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் பூச வேண்டும். கண்ணாடி பக்கங்களையும் மூடுவதாக, 3 அல்லது 4-ஆம் வகையில் இருக்கட்டும். குறைந்தது ஒரு லீட்டர் பானம், வாழைப்பழமோ பாணோ கூடவே. காய்ந்த பெனியன் ஒன்றும் தொப்பி ஒன்றும் பையில் கட்டாயம் இருக்க வேண்டும். கேபிள் காரில் ஏறுவதற்கு முன் நனைந்ததை மாற்றாமல் குளிரில் வரிசையில் நின்று இறங்குவதாலும் தடிமன் பிடிக்க இடமுண்டு. முகாமுக்கு ஐந்தாறு கிழமை முன்பே வைத்தியரிடம் ஃபெரிட்டின் (உடம்பிலுள்ள இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள். இரும்புச்சத்து குறைவென்றால் அதைச் சரிசெய்ய அந்தக் காலம் தேவைப்படும்.

திரும்பி வந்தபின் ஒரு கிழமைக்குப் போட்டி எதுவும் எழுதிக்கொடுக்காதீர்கள்.

அன்புடன்